காரின் அடியில் இருக்கும் போல்ட்டுக்கு ஏன் முதலில் துரு பிடிக்கிறது?

பத்து வருஷம் ஓடிய காரை லிஃப்டில் ஏற்றி அண்ணாந்து பார்த்தால், மேலே கதவும் ஃபெண்டரும் பளபளவென்று இருக்கும். அடியிலோ சஸ்பென்ஷன் போல்ட், சைலன்சர் கிளாம்ப், ஒயரைப் பிடித்திருக்கும் சின்னச் சின்ன பிராக்கெட் எல்லாம் பழுப்பேறி, நட்டின் ஆறு முனைகளும் மழுங்கிக் கிடக்கும். இரண்டுமே எஃகுதான். ஓடியதும் ஒரே சாலையில்தான். அப்படியிருந்தும் இந்த வித்தியாசத்துக்கு முதல் காரணம் தடிமன்.

கார் பாடித் தகட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் பொதுவாக 7 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துத்தநாகம் இருக்கும். அதன் மேல் பாஸ்பேட் படலம், அப்புறம் மின்சாரம் செலுத்தித் தொட்டியில் முக்கிப் படியவைக்கும் 20 மைக்ரான் அளவிலான அடிப்பூச்சு, அதற்கும் மேல் நிறமும் வார்னிஷும். மொத்தத்தில் பெயின்ட் மட்டுமே 100 மைக்ரானைத் தாண்டும். போல்ட்டுக்கு இந்த வசதி கிடையாது. அதன் மரையில் பூச்சுக்கான இடமே மிகக் குறைவு. 8 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்துக்கொள்வோம். வழக்கமான தரத்தில் மரையில் விடப்படும் இடைவெளி 28 மைக்ரான். மரை சாய்வாக இருப்பதால், பூச்சு எவ்வளவு தடிமனோ அதைப்போல நான்கு மடங்கு அந்த இடைவெளியைத் தின்றுவிடும். ஆக 7 மைக்ரானுக்கு மேல் பூசினால் நட் ஏறாமல் போக வாய்ப்பு உண்டு. வெளியில் தெரியாத இந்தக் கணக்குதான் போல்ட், நட், திருகு போன்ற பாகங்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. பாடிக்குச் சொல்லும் துருத் தடுப்பு யோசனைகளை அப்படியே இவற்றுக்கும் சொல்வது அதனால்தான் சரிப்படுவதில்லை.

எங்கே தொடங்குகிறது

துரு என்பது மின்வேதியியல் வேலை. இரும்பின் ஒரு பகுதி எலெக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. இன்னொரு பகுதியில் நீரும் ஆக்சிஜனும் அந்த எலெக்ட்ரானை வாங்கிக்கொள்கின்றன. நடுவில் உலோகம் ஒரு கம்பியாகவும், ஈரம் ஒரு திரவப் பாதையாகவும் இருந்து சுற்றை முடிக்கின்றன. இந்த நான்கில் ஏதாவது ஒன்றை அறுத்தால் போதும், துரு நின்றுவிடும். எல்லாப் பூச்சும் எண்ணெயும் மெழுகும் இந்த நான்கில் ஒன்றைக் குறிவைப்பவைதான்.

இதில் பலரும் தவறாக நினைத்துக்கொள்ளும் ஒன்று உண்டு. ஆக்சிஜன் அதிகம் படும் இடத்தில்தான் இரும்பு அரிக்கும் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. 1920களில் கேம்பிரிட்ஜில் அரிப்பை ஆராய்ந்த விஞ்ஞானி யூலிக் இவான்ஸ் ஓர் உப்புநீர்த் துளியை எஃகுத் தகட்டின் மேல் வைத்து இதைக் காட்டினார். துளியின் ஓரத்தில் காற்று எளிதாகக் கரைகிறது; நடுவில் குறைவு. காற்று குறைந்த அந்த நடுப்பகுதிதான் கரைந்து குழியாகிறது. ஓரம் தப்பித்துவிடுகிறது. இதைக் காருக்குப் பொருத்திப் பாருங்கள். வாஷருக்கு அடியில், இரண்டு தகடுகள் ஒட்டும் இடுக்கில், ஒட்டிக் காய்ந்த சேற்றுக்குள், பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் காற்று குறைவு, ஈரம் நீடிக்கும். வெளியே தெரியும் தலைப்பகுதி சற்றுப் பழுப்பாக மட்டுமே இருக்க, அடியில் போல்ட்டின் கழுத்து மெலிந்து போயிருப்பது இதனால்தான்.

துரு, தான் தின்ற இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும். வகையைப் பொறுத்து ஆறு மடங்கு வரைகூடப் போகும். இடுக்கில் உண்டாகும் துரு தகடுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிளந்து தள்ளுவதும், நட் மரைக்குள் இறுகிப்போய் ஸ்பேனருக்கு அசையாததும் இதன் விளைவுதான். போதாக்குறைக்கு இந்தத் துரு நுண்துளைகள் நிறைந்தது. அலுமினியத்தின் ஆக்சைடு மாதிரி அடியில் இருப்பதை அது மூடிக் காப்பதில்லை. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது.

மழை பெய்தால்தான் துரு வரும் என்பதும் இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினாலே எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகி அரிப்பு வேகமெடுக்கிறது. உப்பு சேர்ந்தால் இன்னும் மோசம். சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். பனிச்சாலைகளில் தூவும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது, மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்கும் நாளிலும் அந்த உப்பு படிந்த போல்ட் ஈரமாகவே இருக்கும். கடலோரத்திலும் உப்புத் தூவும் சாலைகளிலும் ஓடும் கார்களை அடியில் நல்ல தண்ணீரால் அலசச் சொல்வது சும்மா இல்லை. எந்தப் பூச்சைப் பற்றிப் பேசுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய, செலவு குறைந்த வேலை அது. தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் குத்திவிடுவதும் அதே கணக்கில் சேரும்.

துத்தநாகம் தரும் காவல்

எஃகுப் பாகங்களுக்கு ஏன் எப்போதும் துத்தநாகம்? பெயின்ட் வெறும் தடுப்பு. கீறல் விழுந்தால் கீறல் வழியே துரு நுழைந்து பெயின்ட்டுக்கு அடியில் பரவும். துத்தநாகம் தடுப்பாகவும் இருக்கும், கீறல் விழுந்த பிறகும் வேலை செய்யும். இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானை விடும் உலோகம் என்பதால், இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது அது முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். ஓர் உலோகத்தைப் பலிகொடுத்து இன்னொன்றைக் காக்கலாம் என்று 1824-லேயே ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டில் செய்துகாட்டினார். செம்பு அரிக்காமல் நின்றது. ஆனால், கரையும் செம்பின் நச்சு இல்லாமல் போனதால் கப்பலடியில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டு வேகம் குறைந்துபோனது வேறு கதை.

பலிகொடுப்பது என்றால் தீர்ந்துபோகும் என்றும் அர்த்தம். துத்தநாகத்தின் ஆயுள் தடிமனைப் பொறுத்தது, அவ்வளவுதான். அரிக்கும் சூழலை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 தரத்தில், மிதமான காற்றுச் சூழலில் துத்தநாகம் வருஷத்துக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரைகிறது. உப்பும் புகையும் கலந்த கடுமையான சூழலில் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை. மின்சாரம் செலுத்தி 8 மைக்ரான் துத்தநாகம் படியவைத்த (மின்முலாம் பூசிய) போல்ட், முதல் சூழலில் ஏறக்குறைய நான்கு வருஷமாவது தாங்கும். இரண்டாவதில் ஒன்று அல்லது இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். சக்கரம் வாரியடிக்கும் சேறும் கல்லும் இந்தக் கணக்கில் சேரவில்லை. உண்மையில் காரின் அடியில் நிலைமை இதைவிட மோசம்தான். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட்டில் 40, 50 மைக்ரான் கிடைக்கும். ஆனால் அதற்கு நட்டின் மரையைப் பெரிதாக வெட்ட வேண்டும். துல்லியமாக இறுக்க வேண்டிய கார் பாகங்களுக்கு அது தோதுப்படாது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் துத்தநாகச் செதில் பூச்சு. துத்தநாகமும் அலுமினியமும் மெல்லிய செதில்களாகக் கலந்த திரவத்தில் பாகத்தை முக்கி, சுழற்றி உதறி, சூட்டில் பதப்படுத்துகிறார்கள். தடிமன் பத்து மைக்ரானை ஒட்டித்தான், ஆனால் அதே தடிமன் மின்முலாமைவிடப் பல மடங்கு தாங்கும். மங்கிய வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் இந்த வகை. துத்தநாகத்தோடு 12 முதல் 15 சதவீதம் நிக்கல் கலந்து பூசும் முறையும் பிரேக் பாகங்களில் பரவலாக உண்டு. பழைய கார்களில் பார்த்த அந்தப் பொன்மஞ்சள் போல்ட் இப்போது அரிதானதற்குக் காரணம் வேறு. அதில் இருந்த ஆறு இணைதிற குரோமியம் நச்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஜூலை முதல் புதிய கார்களில் அதைத் தடுத்துவிட்டது. இன்று கிடைக்கும் மஞ்சள் போல்ட்டில் பெரும்பாலும் சாயம்தான்; நிறத்தைப் பார்த்துப் பழைய தரம் என்று நம்பக்கூடாது.

வாங்கும்போது ‘500 மணி நேர உப்புத் தெளிப்புச் சோதனை’ போன்ற வாசகங்களைப் பார்க்கலாம். 5 சதவீத உப்புநீரை 35 டிகிரி செல்சியஸில் இடைவிடாமல் தெளிக்கும் இந்தச் சோதனையின் அமெரிக்கத் தரம் 1939-லிருந்து இருக்கிறது. ஒரே வகைப் பூச்சில் இரண்டு தயாரிப்பை ஒப்பிட அது பயன்படும். ஆனால் இத்தனை மணி நேரம் என்றால் சாலையில் இத்தனை வருஷம் என்று மாற்றிப் படிக்க வழியே இல்லை. நிஜத்தில் நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும். காயும் நேரத்தில் காற்றின் கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து துத்தநாகத்தின் மேல் ஒரு காப்புப் படலம் உருவாகும். ஓயாமல் நனையும் பெட்டிக்குள் அந்தப் படலம் உருவாக வாய்ப்பே இல்லை. கார் நிறுவனங்கள் தங்கள் பாகங்களுக்கு நனைத்துக் காயவைக்கும் சுழற்சிச் சோதனைகளையும் வைத்திருப்பது இதனால்தான்.

வலிமையான போல்ட்டும் அமிலமும்

துருத் தடுப்பில் உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. துருப்பிடித்த பாகத்தை அமிலத்தில் ஊறவைத்து எடுப்பது பலரும் செய்யும் வேலை. வினிகரில் ஆரம்பித்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரை போவார்கள். பிராக்கெட்டுக்கோ கீலுக்கோ அதனால் பெரிய கெடுதல் இல்லை. போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று பொறித்திருப்பது அதன் வலிமைக் கிரேடு; எண் பெரிதானால் எஃகு கடினமானது. அங்கே 12.9 என்று இருந்தால் கதை வேறு. அமிலம் இரும்போடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி வாயுவாக வெளியேறாமல், அணுவாக எஃகுக்குள்ளேயே புகுந்துவிடும். மென்மையான எஃகு அதைத் தாங்கிக்கொள்ளும். மிகக் கடினமாக்கிய எஃகு தாங்காது. போல்ட் இறுக்கும்போது நன்றாகவே இருக்கும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் படக்கென்று முறியும்.

மின்முலாமிலும் இதே ஹைட்ரஜன் பிரச்சினை உண்டு. அதனால்தான் கடினமான போல்ட்டுகளை முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி சூட்டில் நீண்ட நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள். முலாம் பூசும் பட்டறை எதிலும் கொடுத்து வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள், இந்தச் சூடாக்கும் வேலை நடந்ததா என்று கேட்டே ஆக வேண்டும். பேட்டரி சார்ஜரும் சோடா உப்புக் கரைசலும் வைத்து வீட்டிலேயே துருவை நீக்கும் முறையும் இதில் அடங்கும். அங்கே பாகம்தான் எதிர்மின்வாய். ஹைட்ரஜன் அதன் மேல்தான் உண்டாகிறது. 8.8 வரை பயப்பட வேண்டியதில்லை, 10.9-ல் ஆபத்து குறைவு, 12.9-ல் நிஜமான ஆபத்து. சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கையும் இந்தக் கடைசிக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றை வயர் பிரஷ்ஷால் தேய்க்கலாம், அல்லது அமிலமில்லாத துரு நீக்கியில் ஊறவைக்கலாம். உண்மையில் ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் போல்ட் குழி விழுந்து துருவேறியிருந்தால் சுத்தம் செய்து மீண்டும் போடுவதில் எந்த லாபமும் இல்லை. அதே கிரேடில் புதிது வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்டெயின்லெஸ் போட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. துருவைப் பொறுத்தவரை அது நல்ல யோசனைதான், 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருப்பதால் மேற்பரப்பில் தானே ஒரு காப்புப் படலம் உருவாகிறது. வலிமையில்தான் இடறும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 போல்ட் 450 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கலாம். 8.8 கிரேடு கார்பன் எஃகு 640 வரை தாங்கும், 10.9 கிரேடு 900-ஐத் தாண்டும். நம்பர் பிளேட்டுக்கும் மட்ஃபிளாப்புக்கும் ஸ்டெயின்லெஸ் போடுங்கள்; பிரேக் காலிப்பருக்கு வேண்டாம். தவிர, ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக ஏற்றினால் மரை ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். ஒரு துளி மசகு வைத்து மெதுவாக ஏற்றினால் தப்பிக்கலாம்.

இரு உலோகங்கள் சேரும்போது எது பெரியது எது சிறியது என்பதும் முக்கியம். பெரிய எஃகுத் தகட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால், அரிப்பு பெரிய பரப்பில் பகிர்ந்துபோவதால் அவ்வளவாகத் தெரியாது. பெரிய ஸ்டெயின்லெஸ் பாகத்தில் சின்ன எஃகு போல்ட் என்றால் அரிப்பு முழுவதும் அந்தப் போல்ட்டின் தலையில் விழும். இங்கே பெயின்ட் அடிப்பதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. அரிக்கக்கூடிய உலோகத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தால், அதில் இருக்கும் ஊசித்துளையில் அரிப்பு முழுதும் குவிந்து ஆழமாகத் துளைத்துவிடும். அரிக்காத உலோகத்தையும் சேர்த்துப் பூச வேண்டும்; ஒன்றைத்தான் பூச முடியும் என்றால் அரிக்காததைப் பூசுவதே மேல். அலுமினியப் பாகத்தில் எஃகு போல்ட் சுற்றி வெள்ளைப் பொடி பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலுமினியம் பலியாவதன் அடையாளம். நடுவில் நைலான் வாஷரோ பூச்சோ வைத்து இரண்டையும் பிரித்தால் தணியும்.

கிரீஸ் எங்கே, எங்கே வேண்டாம்

மரையில் கிரீஸோ செம்புத் துகள் கலந்த பேஸ்ட்டோ வைத்தால் துரு ஏறாது, அடுத்த முறை சுலபமாகக் கழலும். இரண்டும் உண்மை. ஆனால் டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) நாம் போடும் டார்க்கில், அதாவது முறுக்குவிசையில், ஏறக்குறைய 90 சதவீதம் உராய்வை வெல்லவே செலவாகிறது. போல்ட்டை இழுத்து இறுக்குவது மீதி 10 சதவீதம்தான். உலர்ந்த மரைக்கு என்று குறிப்பிட்ட டார்க்கை கிரீஸ் வைத்த மரையில் போட்டால் உராய்வு குறைந்து, அந்த மிச்சமும் போல்ட்டின் இழுவிசைக்கே போகிறது. போல்ட் கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இழுபடுவது சாதாரணம். வீல் நட்டுக்குப் பல கார் நிறுவனங்கள் உலர்ந்த மரையையே சொல்கின்றன. அதனால் கையேட்டில் வேறு மாதிரி சொல்லாதவரை அங்கே கிரீஸைத் தவிர்ப்பது நல்லது. சக்கரம் ஹப்பில் ஒட்டிக்கொள்ளும் தொல்லை இருந்தால், நடுவில் துருத்தி நிற்கும் வளையத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவலாம். ஹப்பும் சக்கரமும் தட்டையாக ஒட்டும் முகத்திலும், போல்ட் மரையிலும் வேண்டாம்.

டபிள்யூடி-40 போன்ற தெளிப்பான்களை நீண்டகாலக் காவலாக எண்ணுவதும் சரியல்ல. 1953-ல் ராக்கெட்டின் தோலைத் துருவிலிருந்து காக்க, நீரை விரட்டும் திரவமாக உருவானது அது. அந்த வேலையை அருமையாகச் செய்யும். ஆனால் விட்டுப்போகும் படலம் மெல்லியது; காரின் அடியில் சில மழையில் போய்விடும். அங்கே நிற்பது மெழுகு கலந்த திரவமோ, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் என்ற பசையோதான். பிசுபிசுப்பாக, பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் கீறினாலும் மெல்ல நகர்ந்து மூடிக்கொள்ளும், இடுக்குக்குள் ஊர்ந்து போகும். கறுப்பாக ரப்பர் போலப் பூசும் அண்டர்கோட்டிங் அழகாக இருக்கும், கல்லடியும் தாங்கும். ஆனால் அது காய்ந்து விரிசல் விட்டால் விரிசலுக்குள் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் தங்கி, பூச்சு இல்லாததைவிட வேகமாகத் துருவேறும். மூடியிருப்பதால் வெளியே தெரியவும் தெரியாது. என் தேர்வு எப்போதும் மெழுகுதான், வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருந்தாலும்.

ஏற்கெனவே துருப்பிடித்த பிராக்கெட்டுக்கு, உதிரும் துருவையெல்லாம் தேய்த்தெடுத்துவிட்டுத் துரு மாற்றி தடவலாம். டானிக் அமிலம் இருந்தால் கருநீலமாகவும், பாஸ்பாரிக் அமிலம் இருந்தால் சாம்பலாகவும் துருவை நிலையான சேர்மமாக மாற்றும். அதோடு விட்டுவிடக்கூடாது, மேலே பெயின்ட் கட்டாயம். துத்தநாகப் பொடி நிறைந்த பெயின்ட்டை இதற்கு மேல் அடிப்பதில் அர்த்தமில்லை. துத்தநாகம் துருவில்லாத வெற்று இரும்பைத் தொட்டால்தான் பலியாக முடியும், துருவின் மேல் அது வெறும் சாம்பல் நிறப் பெயின்ட். பவுடர் கோட்டிங் பிராக்கெட்டுக்கு நல்லது, ஆனால் போல்ட் தலை உட்காரும் இடத்தை மறைத்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். 80 மைக்ரான் தடிமனான பிளாஸ்டிக் அங்கே இருந்தால் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, போல்ட் தளர்ந்துவிடும்.

பேட்டரியில் இணைத்து மின்சாரத்தால் காரின் துருவைத் தடுப்பதாக விற்கும் கருவிகளுக்குப் பணம் தர வேண்டாம். கப்பலிலும் பூமிக்கடியில் போகும் குழாயிலும் அந்தத் தத்துவம் வேலை செய்வது, அவை எந்நேரமும் நீரிலோ ஈரமண்ணிலோ கிடப்பதால். காற்றில் நிற்கும் காரில் மின்னோட்டம் போகத் தொடர்ச்சியான ஈரப்பாதை கிடையாது.

நாமாக எந்தத் துருத் தடுப்பும் பூச முடியாத பாகம் பிரேக் டிஸ்க். வார்ப்பிரும்பின் உராயும் முகத்தில் எண்ணெயோ மெழுகோ பூசினால் பிரேக் சரியாகப் பிடிக்காது. மழைக்கு மறுநாள் காலையில் தெரியும் செம்பழுப்பு இரண்டு, மூன்று முறை பிரேக் அழுத்தினால் போய்விடும். அதைத் துடைக்கக்கூட வேண்டாம். பிரேக்குக்குப் பதில் மோட்டாரே வேகத்தைக் குறைக்கும் மின்கார்களில் டிஸ்க் போதுமான அளவு உரசப்படாமல் துரு ஆழமாகப் போகிறது. அடிக்கடி ஓரிரு முறை கொஞ்சம் பலமாகப் பிரேக் பிடிப்பதுதான் அதற்கு வழி. ஃபோக்ஸ்வேகன் ஐடி.3 போன்ற மின்கார்களில் பின்சக்கரத்துக்கு மூடிய டிரம் பிரேக் திரும்பி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரேக் பைப் அதைவிடக் கவலை தரும் பாகம். வழக்கமான எஃகு பைப்பின் சுவர் 0.7 மில்லிமீட்டர் மட்டுமே. உள்ளே அழுத்தம் 100 பாரை, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய நூறு மடங்கை, தாண்டும். பிளாஸ்டிக் கிளிப் பிடிக்கும் இடத்தில், இவான்ஸ் காட்டிய அதே காற்றில்லா ஈரத்தில், முதலில் மெலியும். பூச்சு உரிந்து மேலே பழுப்பு லேசாக இருந்தால் மெழுகு தெளித்துக் கண்காணிக்கலாம். குழி விழுந்திருந்தால் தேய்த்துப் பார்க்காமல் பைப்பையே மாற்ற வேண்டும். சுமார் 10 சதவீதம் நிக்கல் கலந்த செம்பு பைப் கிடைத்தால் அதைப் போடலாம். அது துருப்பிடிக்காது, வளைப்பதும் எளிது. எஃகு நட்டும் எஃகுக் கிளிப்பும் அதைத் தொடும் இடங்களில் மட்டும் கொஞ்சம் மெழுகு தெளித்துவைத்தால் போதும்.